நீர் இறங்கும் வழி

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரியில் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. ஏறி வந்தவர்கள் மூச்சு வாங்க அங்கே நிற்பார்கள், செல்போனை எடுப்பார்கள், எதிரே கிருஷ்ணகிரிக் குன்றும் கீழே வயல்களும் விழும்படி ஒரு படம் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். பாலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கிறவர்கள் அபூர்வம்.

குனிந்தால் மலை அங்கே இரண்டாகப் பிளந்திருப்பது தெரியும். ஏறக்குறைய 24 அடி அகலம், 60 அடி ஆழம். மழைக்காலம் முடிந்து சில வாரங்கள் ஆன பின்பும் இப்படிப்பட்ட இடுக்குகளின் சுவர் கறுத்து, ஈரத்தில் மினுங்கிக்கொண்டிருக்கும். எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி ஒரு கசிவு, பாசி, பாறையைக் கவ்விய வேர்கள். அதோடு நம் காலத்தின் காணிக்கையாக இரண்டு மூன்று பிளாஸ்டிக் பாட்டில்கள். பிளவு இயற்கை கொடுத்தது. கோட்டை கட்டியவர்கள் அதோடு விடவில்லை. அதை மேலும் நீட்டி, மேலும் ஆழப்படுத்தி, குறுக்கே ஒரு மரப்பாலத்தைப் போட்டார்கள். உச்சிக் கோட்டைக்குப் போக அது ஒன்றுதான் வழி. பாலத்தை எடுத்துவிட்டால், பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஒரு படையையே நிறுத்திவிடலாம் என்று சொல்லிவந்தார்கள்.

இன்று அந்தப் பாலத்தை யாரும் எடுப்பதில்லை. நிலையாக நிற்கிறது. சில எட்டு வைத்தால் கடந்துவிடலாம். எண்ணூறு ஆண்டுக் கோட்டையின் மிகப் பெரிய தடை, இப்போது மலையேற்றத்தில் கால் வலிக்காத ஒரே இடம்.

செஞ்சி மலைகளைத் தூரத்திலிருந்து பார்க்கிற யாருக்கும் முதலில் வருகிற சந்தேகம், இவற்றை யார் இப்படிக் கொட்டிவைத்தது என்பதுதான். திண்டிவனத்திலிருந்து பேருந்தில் வந்தாலும் திருவண்ணாமலையிலிருந்து வந்தாலும் சாலையின் இருபுறமும் குண்டுக்கற்கள் குவியல் குவியலாகக் கிடக்கும். யாரும் கொட்டவில்லை. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுக்கு முன் பூமிக்குள்ளே இறுகிய கல் இது. மேலே இருந்த மண்ணும் கல்லும் அரிக்கப்பட்டுப் போக, சுமை குறைந்த பாறை விரிந்து வெடித்தது. அந்த வெடிப்புகளில் மழைநீர் இறங்கியது. இறங்கிய நீர் வெடிப்பின் ஓரங்களை அரித்தது. சதுரமாக இருந்த கட்டிகள் மூலை மழுங்கி உருண்டைகளாயின. இடையிலிருந்த தூள் கழுவிப் போனதும் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மிஞ்சின. மலையை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தது விரிசலும் அதற்குள் இறங்கிய தண்ணீரும்தான். மன்னர்கள் வெகு பின்னால் வந்தவர்கள்.

அந்த மன்னர்களில் முதல்வன் என்று பழைய சரித்திரச் சுவடி சொல்வது ஆனந்தக் கோனை. காலம் 1200-ஐ ஒட்டி. ராஜகிரிக்குப் பழைய பெயர் கமலகிரி, ஆனந்தகிரி என்றும் உண்டு. அவனுக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் பெயரில்தான் வடக்கே இருக்கும் கிருஷ்ணகிரி. தெற்கே சந்திராயன் துர்க்கம். மூன்றையும் சேர்த்து முக்கோணமாக ஒரு வெளிச்சுவர், 60 அடிவரை தடிமன், அதற்கு வெளியே 80 அடி அகல அகழி. விஜயநகர நாயக்கர்கள், 1649-இல் பீஜப்பூர், 1677-இல் சிவாஜி, 1698-இல் மொகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் என்று கைமாறியது. இந்தப் பட்டியலை வழிகாட்டிப் பலகைகள் நன்றாகவே சொல்கின்றன. நான் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

பலகைகள் சொல்லாத ஒன்று உண்டு. ராஜகிரியில் ஏறும்போது சுவர் எங்கே நிற்கிறது, எங்கே நின்றுபோகிறது என்று பார்த்துக்கொண்டே போகவேண்டும். செங்குத்தாக வழுவழுவென்று எழும் பாறைமேல் சுவரே இருக்காது. அதன் அருகில் இரண்டு குண்டுக்கற்களுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து இருந்தால், அதைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைத்திருப்பார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி வெறும் பாறை. மறுபடி ஒரு வெடிப்பு, அதன் வாயில் மறுபடி சுவர். சில இடங்களில் சுவர் என்பது நாலு முழம்கூட இராது. மலையில் எங்கே மனிதன் ஏறமுடியுமோ அங்கே மட்டும் கட்டினார்கள். மீதியை மலையிடம் விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் அந்தச் சுவர்களைக் கட்டுவதற்கு முன், ஏறமுடிகிற இடம் எது, முடியாத இடம் எது என்று தெரிந்த ஒருவர் இருந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து எட்டிப் பார்த்து முடிவு செய்கிற காரியமல்ல அது. கையை வைத்துப் பார்க்க வேண்டும், காலைச் செருகிப் பார்க்க வேண்டும். யாரோ ஆடு மேய்ப்பவரோ, தேன் எடுப்பவரோ, கல்தச்சரோ ஒவ்வொரு இடுக்கிலும் ஏறிக் காட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். அவர் ஏறிய இடத்தையெல்லாம் அடைத்துவிட்டார்கள். அந்த வகையில் செஞ்சிக் கோட்டைச் சுவர் என்பது ஒரு பழைய ஏறுவழி வரைபடம். வழியை மறைப்பதற்காக வரைந்த வரைபடம்.

ஈரப்பாறையில் ஏறுவது பற்றித் தமிழுக்கு அதைவிடப் பழைய நினைவு உண்டு. செஞ்சியிலிருந்து மேற்கே திருவண்ணாமலையைத் தாண்டினால் செங்கம். சங்க காலத்து நன்னனின் செங்கண்மா அதுதான் என்பார்கள். அவனிடம் பரிசில் வாங்கப் போகிற கூத்தர்களுக்கு வழி சொல்வதுதான் மலைபடுகடாம். வழி என்றால் திசை மட்டும் அல்ல. பாம்பு எங்கே இருக்கும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும் என்பதோடு, நுண்ணிய நீர் கசிந்து பாசி மூடிய இடத்தில் கால் நழுவும், அங்கே மூங்கிலையும் நாணலையும் பிடித்துக்கொண்டு கடந்து போங்கள் என்றும் புலவர் பெருங்கௌசிகனார் சொல்கிறார். கையில் யாழும் முதுகில் மூட்டையுமாகப் போகிறவர்களுக்கு இதைவிட உருப்படியான அறிவுரை கிடையாது. இன்றைய பாறையேற்றப் பயிற்சியாளரும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார்; நாணலைப் பிடிக்க வேண்டாம், வேரோடு வந்துவிடும் என்று மட்டும் திருத்துவார்.

கோட்டை ஏறுவது என்றதும் நம் ஊர்க் கதைகளில் உடும்பு வந்துவிடும். கயிற்றை உடும்பின் இடுப்பில் கட்டிச் சுவர்மேல் எறிந்தால் அது கவ்விக்கொள்ளும், பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம் என்று கள்ளர் கதைகள் சொல்லும். உடும்புப்பிடி என்ற சொல்லே அந்த நம்பிக்கையில் நிற்கிறது. மராட்டியரிடமும் இதே கதை உண்டு. அவர்கள் மொழியில் உடும்புக்குக் கோர்பட் என்று பெயர்; அதிலிருந்து வந்தது கோர்படே என்ற பட்டம். ஒரு கோட்டையை இப்படி ஏறிப் பிடித்ததால்தான் தங்கள் குடும்பத்துக்கு அந்தப் பட்டம் வந்தது என்று அந்தக் குடும்பமே சொல்லிக்கொண்டது. அந்தக் குடும்பத்து சாந்தாஜி கோர்படே, செஞ்சியை மொகலாயர் முற்றுகையிட்டிருந்தபோது வெளியிலிருந்து வந்து அவர்களைச் சுற்றிச் சுற்றி அடித்த தளபதி. ஒரு மனிதனின் எடையை உடும்பு தாங்குமா என்று கேட்டால், தாங்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கதையில் ஒரு சரியான கவனிப்பு இருக்கிறது. உடும்பை இழுத்தால் அது விரிசலுக்குள் புகுந்து உடம்பை உப்பவைத்துக்கொள்ளும். அதனால்தான் வெளியே வராது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மொகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் 1690-இல் வந்து பாளையம் இறங்கினார். சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருந்தார். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் இழுத்தது. இந்தக் காலம் முழுவதும் ஒரு பேரரசின் படை இந்தக் குன்றுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. 1698-இன் தொடக்கத்தில் படைகள் ஏணி சாத்தி ஏறியது தாழ்வான பக்கங்களில்தான். தாவூத் கான், தல்பத் ராவ் ஆகியோரின் ஆட்கள் அப்படி உள்ளே புகுந்தார்கள். ராஜாராம் அதற்குள் தப்பிப் போயிருந்தார். சுல்ஃபிகர் கானே கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டார் என்று அப்போதே பேச்சு. ராஜகிரி உச்சியைப் பாறை வழியாக ஏறிப் பிடித்ததாக ஒரு பெயரும் மிஞ்சவில்லை.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். அவரும் விரிசல்களைத் தேடவில்லை. வெடிமருந்து வைத்துக் கதவுகளைத் தகர்த்துக்கொண்டு வாசல் வாசலாக மேலே போனார். விடிந்து, தாங்கள் ஏறிவந்த மலையைக் கண்ணால் பார்த்தபோது, இதையா பிடித்தோம் என்று அவர் படையே மலைத்துப் போனதாக எழுதிவைத்திருக்கிறார்கள். இருட்டு அவர்களுக்கு உதவி செய்திருக்கிறது. பகலில் பார்த்திருந்தால் ஏறியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பதினொரு ஆண்டுக்குப் பின் ஆங்கிலத் தளபதி ஸ்டீஃபன் ஸ்மித் வந்தபோது கீழ்க்குன்றுகள் போன பின்னும் ராஜகிரி நின்றது. 1761 ஏப்ரல் 5-ஆம் தேதி அது சரணடைந்துதான் போனது.

நடுவே ஒரு வேடிக்கை. செஞ்சியின் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோன தேசிங்குராசன் கதை மலைக்கதையே அல்ல, குதிரைக்கதை. 1714 அக்டோபர் 3-ஆம் தேதி, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து, எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய மலையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, சிறு குதிரைப்படையோடு சமவெளிக்கு இறங்கிப் போய் உயிரை விட்டான். பாலத்தை எடுத்துவிட்டு மேலே உட்கார்ந்திருந்தால் கதை வேறு. ஆனால் அப்படி உட்கார்ந்திருந்தவனைப் பற்றி யார் பாடப் போகிறார்கள்? ஏறிப் பார்த்து வழி சொன்ன அந்த ஆடு மேய்ப்பவரைப் பற்றியும் பாட்டு இல்லை.

விரிசல் எதிரிக்கு வாசல் என்றால் அதை முழுக்கப் பூசி மூடியிருக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. அதே விரிசல்தான் தண்ணீர். மலைமேல் கோட்டை என்பது சோறு, தண்ணீர் இரண்டின் கணக்கு. சோற்றுக்குக் களஞ்சியம் கட்டிவிடலாம். கிருஷ்ணகிரியில் எண்ணெய்க்கும் நெய்க்கும்கூடக் கிணறு மாதிரித் தொட்டி வைத்திருந்தார்கள். தண்ணீர் மலையாகப் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. வடகிழக்குப் பருவமழை பாறை வெடிப்புகளில் இறங்கி, மெதுவாக நகர்ந்து, தடுக்கிற இடத்தில் ஊறித் தேங்குவதுதான் சுனை. ராஜகிரிக் கோட்டைக்கு அப்படிச் சுனையும் மழைநீர் பிடிக்கும் தேக்கங்களும் இருந்ததால்தான் எட்டு ஆண்டு என்ற கணக்கே சாத்தியமானது. எதிரி வரும் வழியை அடைக்கவேண்டும், நீர் வரும் வழியை அடைக்கக் கூடாது. பல இடங்களில் இரண்டும் ஒரே வழி. கோட்டைக் கொத்தனாருக்கு இதைவிடச் சிக்கலான வேலை இருந்திருக்காது.

ஹைதர் அலி 1780-இல் ஒருமுறை பிடித்தார். அதற்குப் பின் இங்கே சண்டை இல்லை. கூரைகள் விழுந்தன, புதர் ஏறியது. வேங்கடரமணர் கோயில் தூண்களில் சில புதுச்சேரிக் கடற்கரைக்குப் போய், இப்போது காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. 1921-இல் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். தொல்லியல் துறையின் வேலி, டிக்கெட், படிகள், பிற்பகலுக்குப் பின் ராஜகிரியில் ஏறவிடாத காவலர் எல்லாம் வந்தன. ஏறுவது கடினமாக இருக்கவேண்டும் என்று நூற்றாண்டுகளாகப் பாடுபட்ட மலையில், ஏறுவது எளிதாக இருக்கவேண்டும் என்று இப்போது பாடுபடுகிறார்கள். ஏறக்குறைய 800 அடி உயரம். வெயிலுக்கு முன் கிளம்பினால் நடுத்தர வயதுக்காரர் இளைப்பாறி இளைப்பாறி இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். குரங்குக்குப் பயந்து தின்பண்டத்தை மடியில் ஒளிப்பதுதான் மீதமிருக்கும் ஒரே போர்த்தந்திரம்.

அதே சமயம் இன்னொரு கூட்டம் வரத் தொடங்கியது. இவர்கள் படிக்கட்டுப் பக்கம் வருவதில்லை. சென்னையிலிருந்தும் ஆரோவில், பெங்களூர்ப் பக்கமிருந்தும் வாரக் கடைசியில் வருகிற இளைஞர்கள். முதுகில் மடித்த மெத்தை, இடுப்பில் வெள்ளைப் பொடிப் பை. கோட்டைக்கு வெளியே ஊரைச் சுற்றிக் கிடக்கும் குண்டுக்கற்களில் மெத்தையைக் கீழே விரித்துவிட்டு, கயிறு இல்லாமல் பத்துப் பதினைந்து அடி ஏறி இறங்குவார்கள். போல்டரிங் என்று பெயர். இரண்டு ஆள் உயரக் கல்லில் அரைநாள் செலவழிப்பார்கள். அந்த வழியாய்ப் போகிற கிழவர் ஒருவர் நின்று பார்த்தால், பின்பக்கமாகப் போனால் சுலபமாக ஏறலாமே என்று சொல்லத்தான் தோன்றும். ஹம்பிப் பாறைகளில் 2003-இல் அமெரிக்க ஏறுவீரர் கிறிஸ் ஷர்மாவை வைத்து எடுத்த படம் ஒன்று உலகம் சுற்றிய பின் தென்னிந்தியக் குண்டுக்கற்களுக்குத் தனி மவுசு. பெங்களூருக்கு அருகே சாவன்துர்கா 1791 டிசம்பரில் கார்ன்வாலிஸ் படையிடம் விழுந்த கோட்டை மலை; இன்று அதன் வழுக்குப்பாறைகளில் நீண்ட கயிற்று ஏற்றங்கள் இருக்கின்றன. டோக்கியோ ஒலிம்பிக்கில் பாறையேற்றமே ஒரு விளையாட்டாகச் சேர்ந்துவிட்டது, செயற்கைச் சுவரில்தான் என்றாலும்.

இந்த விளையாட்டுக்குள் பழமைவாதிகள் என்று ஒரு சாதி உண்டு. டிராட் என்று சுருக்கிச் சொல்வார்கள், பாரம்பரிய ஏற்றம். பாறையில் துளைபோட்டு இரும்பு ஆணி அடிப்பதை அவர்கள் ஏற்பதில்லை. பாறை தன்னிடமுள்ள விரிசலைக் கொடுக்கிறது. அதற்குள் எதையாவது செருகி, அதில் கயிற்றை மாட்டி, பின்னால் வருகிறவர் அதை எடுத்துக்கொண்டே வரவேண்டும். போன தடம் தெரியக் கூடாது. வேல்ஸ் நாட்டு மலைகளில் முதலில் ஓடையிலிருந்து கூழாங்கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய் விரிசலில் திணித்தார்கள். பிறகு பழைய இயந்திர நட்டுகளின் மரையைத் தேய்த்துவிட்டுச் செருகினார்கள். 1978-இல் ரே ஜார்டைன் என்ற அமெரிக்கர் வடிவமைத்த கருவி விற்பனைக்கு வந்தது. விசையை இழுத்தால் அதன் பற்கள் சுருங்கும், விரிசலுக்குள் வைத்து விட்டால் விரிந்து இருபுறமும் அழுத்திக்கொள்ளும். கீழே இழுக்க இழுக்க இன்னும் இறுகும். கேம் என்கிறார்கள். உடும்பை மறந்திருக்க மாட்டீர்கள்.

கருவி விழுந்தால் பிடிக்கத்தான். ஏறுவது உடம்பு. விரிசலில் கைப்பிடி என்று எதுவும் இருக்காது, வெறும் வெடிப்பு. கையை நீட்டி உள்ளே விட்டு, கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் மடக்கினால் கை புடைக்கும், ஆப்பு மாதிரி இறுகும். பாதத்தைப் பக்கவாட்டில் நுழைத்து முறுக்கினால் அதுவும் ஆப்பு. விரிசல் அகலமானால் முழங்கை, தோள். இன்னும் அகலமானால் ஒரு சுவரில் முதுகு, எதிர்ச் சுவரில் கால். கிணற்றுக்குள் இறங்கித் தூர்வாருகிறவர்கள் இப்படி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். புறங்கைத் தோல் போய்விடும்; துணிப் பட்டையைச் சுற்றிக்கொண்டு ஏறுவார்கள்.

இதில் ஈரம் வந்தால் கணக்கு மாறுகிறது. விரிசல் என்றாலே நீர்த்தடம், ஆகவே மலையில் ஏறுவதற்கு நல்ல கோடுகள் எல்லாம் கடைசியாகக் காயும் கோடுகள். மேலே இரண்டு நாள் முன் பெய்த மழை உள்ளே சுற்றி இப்போதுதான் வந்து சேரும். வெளிப்பாறை பட்டை வெயிலில் சுடும். விரிசலுக்குள் விட்ட கை சில்லென்று நனையும். வெள்ளைப் பொடி குழம்பாகிவிடும். பாறைமேல் கறுப்புக் கறுப்பாக இறங்குகிற பட்டைகள் நுண்ணுயிர்ப் படலம்; காய்ந்திருந்தால் தொந்தரவில்லை, நனைந்தால் எண்ணெய் தடவியது போல. கேமின் உலோகப் பற்களும் சேற்றிலும் பாசியிலும் நழுவும். மணற்கல் நனைந்தால் வலுவிழந்து உடையும் என்பதால் அதில் ஏறவே கூடாது என்பார்கள். நம் கருங்கல்லுக்கு அந்தப் பயம் இல்லை. அது அப்படியே இருக்கும், நாம்தான் விழுவோம். ஈர விரிசலில் ஏறுகிறவர் வேகம் பார்க்க மாட்டார். ஒவ்வொரு ஆப்பையும் இறுக்கிப் பார்த்து, துணியால் துடைத்து, மூச்சை விட்டு, ஒரு முழம் ஏறுவார். பார்க்கச் சுவாரசியமே இருக்காது. எனக்கு அதனாலேயே பிடிக்கிறது. செஞ்சியில் சுவர் கட்டுவதற்கு முன் ஏறிப் பார்த்தவரும் இப்படித்தான் ஏறியிருப்பார்.

பாலத்தின் கீழ் இருக்கும் பிளவில் ஏறலாமா? அது பாதுகாக்கப்பட்ட சின்னம். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே ஆணி அடிப்பதோ கல்லைச் சிதைப்பதோ குற்றம். சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று கட்டடம் கட்டுகிறவர்களுக்கும் 2010-இல் வரம்பு போட்டிருக்கிறார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை செஞ்சி. இனி காவல் இறுகத்தான் செய்யும், கூட்டமும் கூடத்தான் செய்யும். என்னைக் கேட்டால் கோட்டைச் சுவருக்கு உள்ளே கயிறு வேண்டாம். வெளியே கிடக்கும் கற்களே ஒரு ஆயுளுக்குப் போதும். ஆனால் தடம் விடாமல் ஏறு என்று சொல்லும் அந்தக் கட்சியின் ஒழுக்கத்தை, படிக்கட்டில் ஏறி, பாறையில் பெயிண்டால் இதயம் வரைந்து இரண்டு எழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வாரம் கற்றுக்கொடுத்தால் நல்லது.

வெறுங்காலில் ஏறுகிறவர்களைச் சொல்லாமல் விடக்கூடாது. ராஜகிரி வழியில் இருக்கும் கமலக்கண்ணியம்மன் கோயிலில் இன்றும் வழிபாடு உண்டு, சித்திரையில் திருவிழா. மன்னர்களுக்கு முன்னோ பின்னோ, மலை எவர் கைக்குப் போனாலும் அம்மன் இடம் மாறவில்லை. சுற்றுவட்டத்துப் பெண்கள் தலையில் சுமையோடு ஏறுவார்கள். சுடுகிற பாறையில் எங்கே கால் வைக்கவேண்டும், ஈரமான பாறையில் எங்கே வைக்கக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இருநூறு டாலர் ரப்பர் காலணி போட்டவரின் பாதம் தேடுகிற அதே இடத்தை அந்தப் பாதம் பார்க்காமலே தொடும்.

மலைக்கு மேலே தண்ணீர் இன்னும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது, செஞ்சிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மறுநாள் டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து கீழே இருந்த வீட்டின் மேல் விழுந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். நூற்றாண்டுகளாக அசையாமல் நின்ற கல் என்று நாம் சொல்வோம். விரிசலுக்குள் நிறைந்த நீருக்கும் மண்ணை இழந்த வேருக்கும் அந்த நூற்றாண்டுகள் ஒரு பொருட்டல்ல. செஞ்சிக் குன்றுகளின் அடிவாரத்திலும் வீடுகள் நெருங்கி வந்துகொண்டிருக்கின்றன.

இறங்கும்போது அவசரப்படாமல் பாதையோரப் பாறைகளைப் பார்த்துக்கொண்டு வந்தால், சில கற்களின் முதுகில் தையல் போட்டது போல வரிசையாகச் சிறு குழிகள் தெரியும். கல்தச்சர்கள் உளியால் போட்ட துளைகள். ஒரு சாண் இடைவெளியில் குழி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆப்பை வைத்து அடித்துக்கொண்டே போனால் கல் அந்தக் கோட்டில் பிளக்கும். காய்ந்த மரத்தை இறுக்கித் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தும் பிளப்பார்கள். இயற்கை விரிசல் கொடுக்காத இடத்தில் மனிதன் போட்ட விரிசல். கோட்டையின் பெரும்பகுதிக் கல் இப்படி இந்த மலையிலிருந்தே வந்தது. சில கற்களில் பாதிச் சுவடு இருக்கும், மறுபாதி எங்கோ ஒரு சுவருக்குள் இருக்கிறது. சில கற்களில் குழிகள் முழுதாக இருக்கும். துளை போட்டார்கள், ஆப்பு வைத்தார்களோ இல்லையோ, கல் பிளக்கவில்லை. அதற்குள் கோட்டை முடிந்துபோனதா, சண்டை வந்ததா, கூலி நின்றதா, யாருக்குத் தெரியும். மழை பெய்த மறுநாள் போனால் அந்தக் குழிகள் ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிற்கும். இரண்டு விரல் நுழைகிற அளவு. குரங்குகள் வந்து குடித்துவிட்டுப் போகும்.